கொம்தாரைத் தாண்டிப் பறந்த தேங்காய்

பினாங்குத் தைப்பூசத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெள்ளி ரதம் வருவதற்கு முன்பே சாலையோரத்தில் தேங்காய் மலைபோல் குவிந்துவிடும். அதை வைத்து, கேம் உருவாக்கும் மென்பொருளான யூனிட்டியில் ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருந்தேன். குவியலில் கிடக்கும் தேங்காய் வெறும் உருவம்தான். விளையாடுபவர் கையில் எடுத்ததும், பொருளில் ஒரு பாகத்தைச் சேர்க்கும் கட்டளையான ஆட்காம்பொனென்ட் மூலம் ‘தேங்காய்’ ஸ்கிரிப்டை (நான் எழுதிய நிரலை) ஒட்டுவேன், அடுத்த வரியில் எடை 0.8 கிலோ என்று கொடுப்பேன். முதல் தேங்காயை வீசினேன். ஆளையே காணோம். கேம் உலகத்தைச் சுற்றிப் பார்க்கும் சீன் வியூவில் துரத்திப் பார்த்தால், பினாங்கின் உயரமான கோபுரமான கொம்தாரையெல்லாம் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு ராத்திரி முழுக்கத் தள்ளும் விசையைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தேன். தப்பு அங்கே இல்லை. ஆட்காம்பொனென்ட் என்ற அந்த ஒரு வரி முடிவதற்குள்ளேயே, ஸ்கிரிப்ட் விழித்ததும் யூனிட்டி தானாகக் கூப்பிடும் அவேக் ஓடிவிடும், அது இயங்கத் தொடங்கும்போது கூப்பிடும் ஆன்எனேபிளும் கூடவே ஓடிவிடும். என் அவேக்கில் எடையை எடுத்து, பொருளுக்கு இயற்பியல் அசைவைத் தரும் ரிஜிட்பாடியின் மாஸில் (நிறையில்) போடச் சொல்லியிருந்தேன். அப்போது எடை 0. மாஸுக்கு 0 கொடுத்தால் யூனிட்டி அதை மிக மிகச் சிறிய எண்ணாக்கி வைத்துக்கொள்ளும். கீழே விழும்போது வித்தியாசமே தெரியாது. இம்பல்ஸ், அதாவது ஒரே தள்ளு, கொடுத்தால்தான் தேங்காய் ராக்கெட் ஆகும். 0.8 அடுத்த வரியில் வந்தது உண்மைதான், ஆனால் அதற்குள் பந்தி முடிந்துவிட்டது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஸ்டார்ட்டுக்கு மாற்றலாமே என்பார்கள். பாதி சரி. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓடுவது அப்டேட்; முதல் அப்டேட்டுக்குச் சற்று முன்புதான் ஸ்டார்ட் வரும், ஒட்டிய கையோடு வீசினால் அதுவும் பிந்திவிடும். ‘தயார்செய்’ என்று நாமே ஒரு மெத்தட் எழுதி, ஒட்டியவுடன் எடையைக் கொடுத்துக் கூப்பிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி. ஸ்கிரிப்ட் அடுத்தவர் எழுதியது, கைவைக்க முடியாது என்றால், பொருளை செட்ஆக்டிவ் ஃபால்ஸ் செய்து தூங்கவைத்துவிட்டு ஒட்டுங்கள், மதிப்புகளைப் போடுங்கள், பிறகு எழுப்புங்கள். பொருள் தூங்கும்வரை அவேக் வராது.

ஆட்காம்பொனென்ட்டுக்குப் பதில் நியூ போட்டு மோனோபிஹேவியரை (பொருளில் ஒட்டும் ஸ்கிரிப்டின் அடிப்படை வகையை) உருவாக்குவது பழைய தப்பு. கன்சோல் மஞ்சளாகத் திட்டும், பொருளில் எதுவும் ஒட்டாது. அவ்வளவுதான்.

அடுத்தது எனக்கு நிஜமாகவே காதைக் கிழித்தது. ரதம் பக்கத்தில் வந்தால் நாதஸ்வரம் கேட்க வேண்டும் என்று அப்டேட்டுக்குள் தூரத்தைப் பார்த்து, ஒலி எழுப்பும் பாகமான ஆடியோசோர்ஸ் ஒட்டினேன். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் 10 நொடியில் 600 ஆடியோசோர்ஸ்! ஒரே பொருளில் எத்தனை வேண்டுமானாலும் ஒட்ட யூனிட்டி விடும். முதலில் ட்ரைகெட்காம்பொனென்ட் கொண்டு ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். சொந்த ஸ்கிரிப்ட் என்றால், ஒன்றுக்கு மேல் ஒட்டவிடாத டிஸ்அலவ்மல்டிபிள்காம்பொனென்ட்டைத் தலையில் போட்டுவிடலாம்.

ரிஜிட்பாடி கதை இதற்கு நேரெதிர், பொருளுக்கு ஒன்றுதான். ‘மறுபடியும்’ பொத்தானை அழுத்தினால் பழையதை டெஸ்ட்ராய் செய்து அதே ஃபிரேமில் புதிதாக ஒட்டினேன். டெஸ்ட்ராய் உடனே அழிக்காது, அந்த ஃபிரேமின் அப்டேட் முடிந்த பிறகுதான் அழிக்கும். பழையது இன்னும் நிற்பதால் ஒட்டுதல் ‘நல்’ (எதுவுமில்லை) என்று திருப்பித் தந்தது, அடுத்த வரி சிவப்பாக வெடித்தது. உடனே அழிக்கும் டெஸ்ட்ராய்இம்மீடியட்டைத் தேடிப் போகாதீர்கள், விளையாட்டு ஓடும்போது அது வம்பு. இப்போது எல்லாத் தேங்காய்க்கும் ஆரம்பத்திலேயே ரிஜிட்பாடி இருக்கிறது. குவியலில் கிடக்கும்போது, விசைக்கு அசையாமல் வைக்கும் இஸ்கினமேட்டிக் ட்ரூ, கையில் எடுத்ததும் ஃபால்ஸ்.