பார்படாஸ் போகிறவர்கள் டிக்கெட் எடுப்பதற்கு முன்

கரீபியன் போகிறோம் என்று யாராவது என்னிடம் வந்தால், எந்தத் தீவு என்றுதான் முதலில் கேட்பேன். "எல்லாம் ஒன்றுதானே" என்பார்கள். இல்லவே இல்லை. மார்ட்டினிக் பிரான்சின் பகுதி. அங்கே யூரோ செல்லும், வண்டிகள் வலப்பக்கம் ஓடும். தெற்கே கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் செயின்ட் லூசியா தனி நாடு. அங்கே கிழக்குக் கரீபியன் டாலர், இடப்பக்க ஓட்டம். ஒரே வாரத்தில் நான்கு தீவு பார்க்கும் திட்டத்தோடு வருகிறவர்களைக் கெஞ்சியாவது தடுத்துவிடுவேன். தீவுகளுக்கிடையே பறப்பவை பெரும்பாலும் சிறிய விமானங்கள். பெட்டியின் எடையில் கறாராக இருப்பார்கள். ஒரு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்தது பல நேரம் மறுநாள்தான்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது பார்படாஸ். ஆங்கிலம் போதும், குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், பஸ்ஸிலேயே தீவைச் சுற்றிவிடலாம். லண்டனிலிருந்து நேரடி விமானம் உண்டு. ஏறக்குறைய ஒன்பது மணி நேரம்.

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம்; ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் வரை அதன் உச்சம். பார்படாஸ் மற்ற தீவுகளின் வரிசையை விட்டுக் கிழக்கே தள்ளியிருப்பதால் அடி குறைவு. 1955-இல் வந்த ஜேனட்டுக்குப் பிறகு சூறாவளி வலுவோடு தாக்கியது 2021-இல் வந்த எல்சாதான். அதற்காகக் காப்பீடு இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். கிறிஸ்துமஸ் முதல் ஈஸ்டர் வரை விடுதி வாடகை எகிறும். மழையும் குறைவு, கூட்டமும் கலைந்திருக்கும் காலம் ஈஸ்டர் முடிந்து மே மாதம் வரை. அதுதான் என் தேர்வு. ஒரே குறை, 2011 முதல் அநேகமாக ஆண்டுதோறும் கரையொதுங்கும் சர்காசம் கடற்பாசி. அது கிழக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும்தான் அதிகம் குவியும், மேற்கே குறைவு. ஆகவே அறையை மேற்குக் கரையில் பாருங்கள். கிழக்கே பாத்ஷீபா கடற்கரை பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அட்லாண்டிக்கின் இழுப்பு பொல்லாதது. அங்கே நீந்த வேண்டாம்.

இனி டிக்கெட். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குப் பார்படாஸ் விசா கேட்பதில்லை. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு உற்சாகத்தில் டிக்கெட் எடுத்தவர்கள் செக்-இன் கவுன்டரில் திருப்பி அனுப்பப்படுவது வழியில் இருக்கும் நாட்டினால். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். இரண்டு மணி நேரம் நின்றாலும் குடியேற்றச் சோதனையைக் கடந்தாக வேண்டும். வெளியே வராமல் மாறிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே கிடையாது. லண்டன் வழியாகப் போனாலும் டிரான்சிட் விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க அல்லது கனடா விசா வைத்திருப்பவர்களுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி, இன்னொரு நிலையமான கேட்விக்கில் ஏறும் மலிவு டிக்கெட் கண்ணில் பட்டால் இன்னும் கவனம் தேவை. அதற்கு பிரிட்டன் எல்லைக்குள்ளேயே நுழைய வேண்டும், அதன் விதி வேறு. விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், பணம் கட்டும் அன்றைக்கு அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டு தனித்தனி டிக்கெட்டாக எடுப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைப் பற்றி எந்தப் பொறுப்பும் இல்லை. ஒரே முன்பதிவில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் கடமை. திரும்பும் டிக்கெட்டையும் தங்கும் முகவரியையும் அச்செடுத்து வையுங்கள், கேட்பார்கள். நுழைவுப் படிவத்தைப் புறப்படுவதற்கு முன் பார்படாஸ் அரசுத் தளத்தில் நிரப்பிவிடலாம். அது இலவசம், பணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம்.

பணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரு அமெரிக்க டாலருக்கு இரண்டு பார்படாஸ் டாலர். 1975 முதல் மாறாத விகிதம். கடைகளில் இரண்டையும் வாங்கிக்கொள்வார்கள். டாக்சிகளில் மீட்டர் கிடையாது. ஓட்டுநர் "நாற்பது டாலர்" என்றால், எந்த டாலர் என்று ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். கேட்காவிட்டால் இரட்டிப்பாகக் கொடுக்க நேரலாம்.

பஸ் இன்னும் எளிது. நீல நிறம் அரசுடையது, மஞ்சள் தனியார் மினிபஸ், வெள்ளையில் சிவப்புப் பட்டை போட்டிருப்பது பாட்டு அதிர ஓடும் வேன். எதில் ஏறினாலும் 3.50 பார்படாஸ் டாலர். அரசு பஸ்ஸில் சில்லறை தரமாட்டார்கள். நிறுத்தத்துக் கம்பத்தின் பலகையில் 'டு சிட்டி' என்று இருந்தால் தலைநகர் பிரிட்ஜ்டவுன் போகும் பக்கம். 'அவுட் ஆஃப் சிட்டி' என்றால் எதிர்த்திசை. இது தெரிந்தால் வழி கேட்கவே வேண்டாம்.

பெட்டி கட்டும்போது ராணுவ உடை போன்ற புள்ளித் துணிகளை எடுத்து வெளியே வையுங்கள். அங்கே குழந்தைகள் உட்பட யாரும் அதை அணியக்கூடாது என்பது சட்டம். மின்சாரம் 115 வோல்ட், பிளக் தட்டையான பின். போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும். 230 வோல்ட் கெட்டில் உருப்படியாகக் கொதிக்காது.

கடற்கரையில் தண்டில் சிவப்பு வளையம் பூசிய மரத்தைப் பார்த்தால் விலகி நில்லுங்கள். அது மான்சினீல். பழம் சிறிய பச்சை ஆப்பிள் போலிருக்கும், நச்சு. மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினால், இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைக் கொப்புளமாக்கிவிடும். குழந்தைகளுக்கு முதல் நாளே காட்டிக்கொடுங்கள்.

அப்படியே டிரினிடாடையும் பார்த்துவிடலாம் என்று தோன்றினால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்காதீர்கள். டிரினிடாட் இந்தியா வைத்திருக்கும் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு. சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால், இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் சான்றிதழ் செல்லும்.