நீரிழிவுக்கு உணவு ஆலோசனை: யாரை நம்புகிறோம் என்பதில் நேரும் தவறுகள்

பக்கத்து வீட்டுக்காரருக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது என்பதற்காக அவர் குடிக்கும் வெந்தயத் தண்ணீரை நாமும் குடிக்கத் தொடங்குவதுதான் இவ்விஷயத்தில் மிகப் பழைய தவறு. அவர் அதோடு மெட்ஃபார்மின் மாத்திரையும் போட்டுக்கொண்டாரா, இரவுச் சோற்றை நிறுத்தினாரா, காலையில் நடக்கத் தொடங்கினாரா என்று யாரும் கேட்பதில்லை. குறைந்தது என்று அவர் சொல்வதும் பெரும்பாலும் ஒரு நாள் வெறும் வயிற்றில் எடுத்த ஒற்றை அளவாகவே இருக்கும். வீட்டில் இரத்தச் சர்க்கரையை அளக்கும் குளுக்கோமீட்டருக்கான சர்வதேசத் தரமே, டெசிலிட்டருக்கு 100 மி.கி.க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இடம் கொடுக்கிறது. ஆகவே 138 என்பது 126 ஆனதை வைத்து ஓர் உணவைக் கொண்டாடுவதற்கில்லை. ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை என்ன சொல்கிறது என்று கேட்பதே முறை.

அடுத்தது, உணவின் பெயரை மட்டும் சொல்லி அளவைச் சொல்லாத ஆலோசனையை ஏற்றுக்கொள்வது. அரிசியைத் தவிருங்கள், சிறுதானியம் சாப்பிடுங்கள் என்ற அறிவுரை இன்று எங்கும் கேட்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் பச்சையரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து உள்ளது. கேழ்வரகிலும் வரகிலும் அது 66 கிராமுக்குச் சற்று மேல். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மைதான் என்றாலும், ஒரு கரண்டிச் சோற்றுக்குப் பதிலாக இரண்டு கரண்டி வரகுச் சோறு உண்பவருக்கு அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். தவிடு நீங்க நன்றாகத் தீட்டிய சாமையும், நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சிய கேழ்வரகுக் கஞ்சியும் இரத்தத்தில் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும். கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவையும் சர்க்கரையே. தன் தட்டில் எது என்ன செய்கிறது என்று அறிய விரும்புகிறவர், சாப்பிடத் தொடங்கிய இரண்டு மணி நேரம் கழித்து அளந்து பார்க்கலாம். அதையும் ஒரு முறையோடு நிறுத்தாமல், அதே உணவை அதே அளவில் உண்டு வேறு நாட்களிலும் பார்க்க வேண்டும்.

நீரிழிவை அடியோடு குணமாக்குவதாக வரும் விளம்பரத்தை நம்புவது மூன்றாவது தவறு. அப்படி ஒரு மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். அதன் அட்டவணையில் நீரிழிவு பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கிறது. பொட்டலத்தில் அச்சிடப்பட்டிருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் விற்பவர் உரிமம் பெற்றவர் என்பதைக் காட்டுமே தவிர, நோய் தீரும் என்பதற்குச் சான்றாகாது.

இதற்கு நேர்மாறாக, உணவால் எதுவும் ஆகாது என்று கைவிடுவதும் பிழையே. பிரிட்டனில் நடந்து 2017இல் வெளியான டைரெக்ட் ஆய்வில், உணவுவழி எடைக் குறைப்பில் சேர்க்கப்பட்டவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் மாத்திரையின்றியே நீரிழிவு எல்லைக்குக் கீழே இருந்தார்கள். ஆனால் அவர்கள் யாவரும் உடற்பருமன் கூடியவர்கள், நோய் தெரியவந்து ஆறு ஆண்டுக்கு மிகாதவர்கள், இன்சுலின் போடாதவர்கள். இந்த நிபந்தனைகளை விட்டுவிட்டு 46 என்ற எண்ணை மட்டும் சொல்பவர், மெலிந்த உடலும் இருபது ஆண்டு நோயும் இன்சுலினும் உள்ள ஒருவருக்குப் பொய்யான நம்பிக்கை தருகிறார்.

என் கணிப்பில் ஆபத்து மிகுந்த தவறு, நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்காமலே உணவுத் திட்டம் எழுதித் தருபவரிடம் போவது. உடலில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென்று சோற்றை நிறுத்தினால் அல்லது விரதம் இருந்தால், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி மயங்கி விழ நேரலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் வகை மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை அறவே ஒதுக்கும் கீட்டோ உணவுக்கு மாறினால் இரத்தத்தில் அமிலம் தேங்கும் அபாயம் உண்டு. அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இருக்கக்கூடும் என்பதால் வீட்டில் எவரும் சந்தேகப்படமாட்டார்கள். சிறுநீரகம் பழுதடைந்தவருக்குப் புரதப் பொடியும், பொட்டாசியம் மிகுந்த இளநீரும் கெடுதலாகலாம்.

ஆலோசகரைத் தேடும்போது பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளையும் கவனிக்க வேண்டும். சில வாரச் சான்றிதழ் வகுப்பை முடித்தவரும் ஊட்டச்சத்து நிபுணர் என்று பலகை வைத்துக்கொள்கிறார். உணவியலில் பட்டம் பெற்று, இந்திய உணவியல் சங்கத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற்றவர் என்றால் ‘ஆர்.டி.’ (ரிஜிஸ்டர்ட் டயட்டீஷியன்) என்று போட்டுக்கொள்வார். படித்தவர்களிலும், தாம் பரிந்துரைக்கும் சத்துமாவைத் தாமே விற்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது. பதிவு பெற்ற உணவியலாளரைப் பார்க்கச் செல்லும்போது, மூன்று நாட்களில் உண்டதை அளவோடு எழுதிய தாள், எல்லா மாத்திரை அட்டைகள், அண்மைய எச்பிஏ1சி அறிக்கை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அறிக்கை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் அச்சடித்த உணவுப் பட்டியல் ஒன்றை அவர் நீட்டினால், வேறொருவரைத் தேடத் தயங்க வேண்டாம்.