மறையூர்: டீக்கு மட்டும் நிற்காமல் ஒரு நாள் தங்கிப் பார்க்க

உடுமலையிலிருந்து மூணாறு போகிற வண்டிகள் மறையூரில் டீக்கு நிற்கும், கிளம்பிவிடும். ஒருபக்கம் சின்னாறு சரணாலயம், மறுபக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவின் மலைகள். நடுவே சுமார் 3,000 அடி உயரத்தில் கரும்பும் சந்தனமரமும் முனியறைகள் எனப்படும் இரும்புக்காலக் கல்லறைகளும் உள்ள ஊர் இது. அஞ்சுநாடு எனப்படும் ஐந்து பழைய ஊர்களில் ஒன்று. இடுக்கி மாவட்டம்தான் என்றாலும் தமிழ் பேசியே சமாளித்துவிடலாம்.

முதலில் கணக்குப் போட வேண்டியது நேரம். உடுமலையிலிருந்து மறையூர் ஏறத்தாழ 45 கி.மீ.; தடங்கல் இல்லையென்றால் ஒன்றரை மணி நேரம். ஆனால் பாதை காட்டுக்குள் போகிறது, நடுவில் தமிழக, கேரள செக்போஸ்டுகள் இருக்கின்றன. கோடையில் அமராவதி அணைக்குத் தண்ணீர் தேடி இறங்கும் யானைகள் சாலையைக் கடக்கும். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் இருக்கக் கூடாது. பைக்கில் வருபவர்கள் மாலை 4 மணிக்கே திரும்பிவிடுவது நல்லது. யானை எதிரே நின்றால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள், ஹார்ன் அடிக்காதீர்கள், அது ஒதுங்கும்வரை காத்திருங்கள். முந்திப் போய்விடலாம் என்று ஒருவர் நுழைந்தால் பின்னால் வருபவர்களும் மாட்டுவார்கள். பஸ்கள் குறைவு, ஆகவே திரும்பும் பஸ்ஸின் நேரத்தை இறங்கியவுடனே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலை 9 மணிக்குள் முனியறைகளுக்குப் போய்விடுங்கள். ஊர்ப் பள்ளிக்குப் பின்னால் உள்ள பாறைக்குன்றிலும், சுமார் 3 கி.மீ. தள்ளியுள்ள கோவில்கடவுப் பக்கத்துப் பாறைகளிலும் இருக்கின்றன. பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி மேலே ஒரு மூடுகல் வைத்த இரும்புக்காலத்து ஈமச் சின்னங்கள் இவை. முனிவர்கள் தங்கியதாகச் சொல்வது ஊர் நம்பிக்கை. பாறையில் நிழலே கிடையாது, 11 மணிக்கு மேல் கால் சுடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ வேண்டும். மூடுகல்லின் மேல் ஏறி போட்டோ எடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கற்களைச் சாந்து வைத்து ஒட்டவில்லை, ஒன்றின் எடை இன்னொன்றில் தாங்கித்தான் நிற்கின்றன. பல அறைகள் ஏற்கெனவே சரிந்து கிடக்கின்றன.

கோவில்கடவில் பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில் இருக்கிறது. பாம்பாறு மேற்கே போகாமல் கிழக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது. கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் மூன்றே, அதில் இது ஒன்று.

அடுத்து வெல்லம். கடையில் வாங்குவதற்கு முன் கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஆலைக்கொட்டகை எதிலாவது கேட்டு நுழையுங்கள். சாறு பெரிய கொப்பரையில் கொதிக்கும், அடுப்பில் எரிவது காய்ந்த கரும்புச் சக்கை. பாகு பதம் வந்ததும் மரத்தொட்டியில் கொட்டிக் கிளறி, சூடு ஆறுவதற்குள் கையாலேயே உருட்டுவார்கள். கொப்பரைக்கு ஓர் எட்டு தள்ளியே நில்லுங்கள், பாகு தெறித்தால் ஒட்டிக்கொண்டு பொசுக்கும். மறையூர் வெல்லத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு வெளியூர் வெல்லத்தையும் இந்தப் பெயரில் விற்கிறார்கள். அசல் உருண்டை அடர் பழுப்பாக, விரல் அழுந்திய தடத்தோடு இருக்கும். நாக்கில் உப்புக் கரிக்காது. பளிச்சென்ற மஞ்சள் என்றால் வாங்காதீர்கள். இங்கே ‘சர்க்கரை’ என்றால் வெல்லம், சீனி இல்லை. பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் ஈரம் கோத்து ஒழுகும்; காகிதத்தில் சுற்றி டப்பாவில் வையுங்கள்.

சந்தனமரங்களைச் சாலையோர வேலிக்குள்ளேயே பார்க்கலாம். விழுந்த சிறு குச்சியைக்கூட எடுக்கக் கூடாது, பையில் இருந்தால் வழக்குதான். தெருவில் யாராவது கட்டை காட்டி விலை சொன்னால் நிற்காமல் நடங்கள்.

மதியத்துக்கு மேல் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். காந்தளூர் சுமார் 16 கி.மீ., மேலும் உயரம், குளிர். அங்கே எந்த மாதத்திலும் ஆப்பிள் மரத்தில் தொங்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்: ஜூலை, ஆகஸ்டில்தான் பழம். தூவானம் அருவி வேண்டுமென்றால் சின்னாறு வனத்துறை வழிகாட்டியோடுதான் நடக்க முடியும்; காட்டுத்தீ பயமுள்ள கோடை மாதங்களில் நிறுத்திவைப்பதுண்டு, முன்கூட்டிக் கேளுங்கள்.

இரவிகுளத்தையும் இதே நாளில் சேர்க்கப் பலர் முயன்று இரண்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள். வாசல் ராஜமலையில், மூணாறு சாலையில் சுமார் 30 கி.மீ. தள்ளி இருக்கிறது, உள்ளே பூங்காவின் பஸ்ஸில்தான் ஏற வேண்டும், வரிசை நீளும். வரையாடு குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் வழக்கமாக மூடிவிடுவார்கள். மறையூரில் இரவு தங்கி, டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துக்கொண்டு மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குப் போய் நில்லுங்கள்.