தன்வெப்ப ஏற்புத்திறன் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறை, தன்வெப்ப ஏற்புத்திறன் (ஒரு கிலோகிராம் பொருளின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தத் தேவையான வெப்பம்), வெப்பநிலை மாற்றம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் ஒரு பொருள் ஏற்ற அல்லது இழந்த வெப்பம் கிடைத்துவிடும் என்பதால், மாணவர்கள் பலர் பாத்திரத்துக்குள் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பார்க்காமலேயே எண்களைப் பிரதியிடத் தொடங்கிவிடுகிறார்கள். நான் திருத்திய விடைத்தாள்களில் மதிப்பெண்கள் பறிபோனது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

அலகுகளில் நேரும் பிழைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நீரின் தன்வெப்ப ஏற்புத்திறனைக் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு டிகிரிக்கு 4200 ஜூல் என்று எடுத்துக்கொண்டு, நிறையைக் கிராமிலேயே விட்டுவிட்டால் விடை ஆயிரம் மடங்கு பெருகிவிடும். 30 டிகிரி செல்சியஸிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாகும் நீரின் வெப்பநிலை மாற்றம் 50. கெல்வினில் கணக்கிட்டாலும் அதே 50தான். அதனுடன் 273-ஐக் கூட்டுவது தவறு.

வெப்பநிலைகளின் சராசரியை இறுதி வெப்பநிலையாகக் கொள்வது இன்னொரு தவறு. 100 டிகிரியில் உள்ள 200 கிராம் செம்புத் துண்டை, 30 டிகிரியில் உள்ள 100 கிராம் நீரில் போட்டால் பலரும் 65 டிகிரி என்று எழுதுகிறார்கள். செம்பின் தன்வெப்ப ஏற்புத்திறன் ஒரு கிலோகிராமுக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 390 ஜூல்தான் என்பதால், நிறையில் இரு மடங்காக இருந்தும் அந்தத் துண்டால் நீரைச் சுமார் 41 டிகிரி வரைதான் சூடாக்க முடிகிறது. இந்தச் சோதனை நடக்கும் கலோரிமீட்டர் (வெப்பத்தை அளக்கப் பயன்படும்) பாத்திரமும் வெப்பத்தை ஏற்கும் என்பதால், அதன் நிறை வினாவில் தரப்பட்டிருந்தால் அதையும் சமன்பாட்டில் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பனி உருகி நீராவது போன்ற நிலைமாற்றத்தைக் கவனிக்காமல் விடுவது. 0 டிகிரியில் உள்ள 100 கிராம் பனிக்கட்டியை, 60 டிகிரியில் உள்ள 100 கிராம் நீரில் இடுகிறோம் என்று கொள்வோம். உருகுதலின் உள்ளுறை வெப்பத்தை (வெப்பநிலை மாறாமல் பனியை உருக்க மட்டுமே செலவாகும் வெப்பத்தை) மறந்தவருக்கு விடை 30 டிகிரி. அதை மறக்காமல் சேர்த்தவரோ, பனி முழுவதும் உருகிவிடும் என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு, ஏறத்தாழ −9.8 டிகிரி என்ற விடையைக் கண்டு திகைத்து, கழித்தல் குறியைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறார். அந்தக் குறியை அழிக்காதீர்கள். நீங்கள் கொண்ட அனுமானம் பொருந்தவில்லை என்பதை அது காட்டுகிறது. பனி முழுவதும் உருக 33,400 ஜூல் வேண்டும். நீர் 0 டிகிரி வரை குளிர்ந்தாலும் 25,200 ஜூல்தான் தரும். ஆகவே சுமார் 75 கிராம் மட்டுமே உருகி, மீதிப் பனி 0 டிகிரி நீரில் மிதந்துகொண்டிருக்கும்.