காக்காவா, தாத்தாவா? பிள்ளையின் உச்சரிப்பைச் சோதிக்கும் முன் வீட்டில் செய்யவேண்டியவை

என் பையனுக்கு நாலரை வயது. ஜன்னலில் காக்கா வந்து உட்கார்ந்தால் "தாத்தா வந்தாச்சு" என்பான், ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று எழுந்து போவார். சிரித்துக்கொண்டே ஒரு வருஷம் ஓடிவிட்டது. பள்ளியில் மிஸ் "இவன் பேசுவது பாதி புரியல" என்ற பிறகுதான் விழித்தோம். மாமியார் வசம்பை உரசி நாக்கில் தடவச் சொன்னார், நான் தடவவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், என்ன கோளாறு என்று முடிவு செய்வது ஸ்பீச் தெரபிஸ்ட் வேலை. அவரிடம் போகும்போது கையில் என்ன இருக்கவேண்டும் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் காது. "கூப்பிட்டா திரும்புறானே" என்று விட்டுவிடாதீர்கள், சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்கினாலே சில ஒலிகள் மங்கிவிடும். ஆடியோகிராம் (எவ்வளவு கேட்கிறது என்று பார்ப்பது), டிம்பனோமெட்ரி (நடுக்காது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது) இரண்டும் எடுத்துவிடுங்கள். அண்ணம், நாக்கு, பல் எல்லாவற்றையும் டாக்டரோ தெரபிஸ்டோ பார்த்துக்கொள்வார்.

அடுத்து, நாற்பது படங்கள். காக்கா, கை, சட்டை, பச்சை, வடை, தட்டு, மரம், பல், கோழி, பட்டாம்பூச்சி என்று எல்லா ஒலியும் சொல்லின் நடுவிலும், சொல்லுக்கு முதலில் வரக்கூடிய ஒலிகள் முதலிலும் வருகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். படத்தைக் காட்டி "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். "காக்கா சொல்லு" என்றால் உங்கள் வாயைப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிடக்கூடும். அப்படிச் சொல்லிக்கொடுத்தால் வருகிறதா என்பதும் தேவைதான், ஆனால் அதைத் தனிப் பத்தியில் குறியுங்கள். ஃபோனில் இருக்கும் சாதா ரெக்கார்டரே போதும், மிக்ஸி ஓடாத நேரமாகப் பாருங்கள். உதடு தெரிகிற மாதிரி வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது.

நான் சறுக்கியது எழுதும் இடத்தில். பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதினேன், நாற்பதில் ஆறுதான் தப்பு என்று வந்தது, நிம்மதியாக இருந்தது. பிறகு பையனோடு அதிகம் பழகாத மாடிவீட்டு அக்காவிடம் அதே பதிவைப் போட்டுக் காட்டினேன். அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது, காதில் விழுந்ததைக் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுத்தார். பத்தொன்பது தப்பு! "ததவு" என்று அவன் சொன்னதை என் காது "கதவு" என்று திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. பெற்ற காதை இந்த விஷயத்தில் நம்பக்கூடாது. இன்னொரு லாபமும் கிடைத்தது: தமிழில் பல்லுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே ப, கன்னடத்தில் இரண்டும் வேறு எழுத்து, அதனால் பஸ்ஸைப் பல்லின் ப போட்டு அவன் சொன்னது அதில்தான் தெரிந்தது. பெங்களூரில் இருப்பதால் கிடைத்த வசதி, பஸ் போர்டு படித்துக் கற்ற கன்னடம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

இப்போது தப்புகளைச் சேர்த்துப் பாருங்கள். காக்கா தாத்தா, கை தை, கோழி தோயி. எல்லா இடத்திலும் க வரவேண்டிய இடத்தில் த வருகிறது, அதாவது நாக்கின் பின்பக்கத்து ஒலி முன்னால் வந்துவிட்டது. இது ஒரு ஒழுங்கு. சின்ன வயதில் பல குழந்தைகளிடம் இருப்பதுதான், நாலு வயதுக்கு மேலும் நீடித்தால் காட்டவேண்டும். ஒரே சொல்லை மூன்று தடவை வெவ்வேறு நேரத்தில் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு வேறாக, உயிரெழுத்து உட்பட மாறி வந்தால், அதைக் கட்டாயம் தெரபிஸ்டிடம் சொல்லுங்கள், அது வேறு வகைக் கோளாறாக இருக்கலாம்.

எண்ணிக்கை வேண்டுமா? மெய்யொலிகளை எண்ணி, சரியானவற்றுக்குச் சதவீதம் போடுங்கள். எனக்கு 112க்கு 77, சுமார் 69. ஷ்ரிபெர்க், குவியட்கோவ்ஸ்கி என்ற பேச்சுக் கோளாறு ஆய்வாளர்கள் இருவரும் 1982இல் கொடுத்த அளவுகோலில் 85க்கு மேல் லேசு, 50க்குக் கீழ் கடுமை. அவர்கள் எண்ணியது ஆங்கிலம் பேசும் குழந்தைகளின் சாதாரணப் பேச்சை, அதனால் என் கணக்கு தோராயம்தான்.

கடைசியாக மொழி. நாங்கள் முதலில் போன இடத்தில் ஆங்கிலப் படங்களை மட்டும் காட்டிவிட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் பேசுகிற பிள்ளைக்கு எல்லா மொழியிலும் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். பாலை "ஹாலு" என்றால் அது கன்னடம், ப வரவில்லை என்று அர்த்தம் இல்லை. தெரபிஸ்டிடம் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் பேச்சு, கேட்டலுக்குத் தனித் துறை இருக்கிறது, மைசூரில் 1965இலிருந்து இதற்கென்றே ஒரு தேசிய நிறுவனமும் இருக்கிறது.

பின்சேர்க்கை: "என் பொண்ணு வாழைப்பழத்தை வாளப்பளம்கிறா" என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். முதலில் வீட்டில் பெரியவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்க. எங்கள் வீட்டில் சரியாகச் சொல்வது மாமனார் ஒருத்தர்தான்.