காக்கைக் கூட்டில் குயில் குஞ்சு: கொல்லையிலேயே பார்ப்பது எப்படி?

முதலில் ஒரு திருத்தம். விடியற்காலையில் ‘கூ... கூ...’ என்று கூவுவது ஆண் குயில். நாம்தான் அதைப் பாட்டுப் பாடும் பெண்ணாக்கிவிட்டோம்.

1. கூட்டைக் கண்டுபிடியுங்கள்
சித்திரை, வைகாசியில் சுள்ளியையோ கம்பித் துண்டையோ கவ்விக்கொண்டு ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போகும் காக்கையைக் கவனித்தால் போதும். எங்கள் வீட்டில் வேப்பமரத்தின் உச்சிக் கவட்டில் இருந்தது.

2. எட்டி நில்லுங்கள்
ஜன்னலோ மாடிப்படியோ நல்ல இடம். கூடுள்ள மரத்தடியில் நடமாடினால் காக்கை தலையில் கொத்தும். ஒரு வாரம் நான் குடை பிடித்துக்கொண்டுதான் துணி காயப்போட்டேன்.

3. குயில் ஜோடியை அடையாளம் காணுங்கள்
ஆண் கன்னங்கரேலென்று, சிவந்த கண்ணோடு இருக்கும். பெண்ணுக்குப் பழுப்பு உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள்; இலை மறைவில் பதுங்கியிருப்பதால் கண்ணில் படுவது அரிது. சூழ்ச்சியில் இருவருக்கும் பங்குண்டு. ஆண் கூட்டருகே வந்து வேண்டுமென்றே தலைகாட்டும். காக்கைகள் கத்திக்கொண்டு அதைத் துரத்தும் நேரத்தில் பெண் கூட்டுக்குள் புகுந்து முட்டையிட்டுவிடும். நான் பார்த்த அன்று, கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

4. தேதியைக் குறித்துவையுங்கள்
காக்கை முட்டை பொரிய 16, 17 நாளாகும். குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாள் போதும். பிந்தி வந்த முட்டை முந்திப் பொரிவது இதனால்தான். ஐரோப்பியக் குயிலின் குஞ்சு மற்ற முட்டைகளை வெளியே தள்ளிவிடும். நம்மூர்க் குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை; காக்கைக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்வதும் உண்டு.

5. குஞ்சு கூட்டைவிட்டு வந்த பிறகு விடாதீர்கள்
இதுதான் எனக்குப் பிடித்த கட்டம். கிளையில் உட்கார்ந்து, இறக்கையைப் படபடவென்று நடுக்கிக்கொண்டு வாயைப் பிளக்கும் குஞ்சைத் தேடுங்கள். காக்கைக் குஞ்சைவிட ஒல்லியாக, சிறகில் வெளிறிய புள்ளிகளோடு இருந்தால் அது குயில். தரையில் இறங்கியிருந்தால் வீட்டுக்குள் தூக்கி வராமல், பக்கத்துக் கிளையில் விட்டுவிடுங்கள். காக்கை வந்து ஊட்டும்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று பாட்டி அடிக்கடி சொல்வார். போன ஆனி அமாவாசையன்று முன்னோருக்கென்று மதில்மேல் பருப்புச் சோறு வைத்துக் “கா, கா” என்று அழைத்தார். வந்த காக்கை ஒரு கவளத்தைக் கவ்விக்கொண்டு நேரே முருங்கைக் கிளைக்குப் போய், புள்ளிச் சிறகுக் குஞ்சின் வாயில் திணித்தது. தாத்தாவின் பங்கு போன இடத்தைப் பாட்டியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.