எடை குறைக்க கிரீன் டீயா? இப்படிப் போடுங்கள்

முதலில் நான் கொதிக்கிற தண்ணீரில் இலையைப் போட்டு, பத்து நிமிடம் மூடிவைத்து, வெறும் வயிற்றில் குடித்தேன். நாக்கு வறண்டு, குமட்டியதுதான் மிச்சம். இலையிலுள்ள பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் அளவுக்கு மேல் இறங்கினால் அப்படித்தான் துவர்க்கும்.

இப்போது தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, சில நிமிடம் ஆறவிடுகிறேன். 80 டிகிரி போதும். 200 மில்லிக்கு 2 கிராம் இலை. மூன்று நிமிடத்தில், சுருண்டிருந்த இலை விரிந்து அடியில் படியும், தண்ணீர் இளமஞ்சளாகும். உடனே வடிகட்டிவிடுங்கள். சர்க்கரை வேண்டவே வேண்டாம்.

சரி, எடை குறையுமா? கொழுப்புத் தீனி போட்டுப் பருக்கவைத்த எலிகளுக்கு இந்த இலையின் கேட்டச்சின்களை (பாலிஃபீனால்களில் ஒரு வகை) கொடுத்தபோது எடை ஏறுவது குறைந்தது. கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் நொதியை அவை தடுப்பது ஒரு காரணம். மனிதர்களிடம் பலன் மிகச் சொற்பம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் அதையே சொன்னது. எனவே சர்க்கரை பானத்துக்குப் பதிலாக இதைக் குடியுங்கள், சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல.

மாத்திரையாக விற்கும் கிரீன் டீ சாறு பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். அதிலுள்ள இஜிசிஜி என்ற கேட்டச்சின் நாளுக்கு 800 மில்லிகிராமை எட்டினால் கல்லீரல் நொதிகள் உயரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் எச்சரித்தது.

அப்புறம், ரத்தசோகை உள்ளவர்கள் கிரீன் டீயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை இது குறைக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.